புனித பேதுரு தீவு

புனித பேதுரு தீவு சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், பீல் ஏரியின் தென்மேற்குப் பகுதியில் உள்ள சிறு தீவு. ஜெர்மன் பேசுவோர் இதைச் சங்க்ட் பீட்டர்ஸின்செல் என்பர், பிரெஞ்சு பேசுவோர் ஈல் சேன் பியேர் என்பர். இங்கிருந்த கிறித்தவ மடத்தின் வழியே வந்த பெயர் இது. தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கில் பேதுரு இராயப்பர் ஆவதால், இராயப்பர் தீவு என்றாலும் பொருந்தும். 18ஆம் நூற்றாண்டில் நூஷாதேல் பக்கத்தார் இதை 'லா மோத்', அதாவது மண்மேடு, என்றும் அழைத்தனர். 1765இல் பிரெஞ்சு மொழியின் பெரும் எழுத்தாளர் ழான் ஜாக் ரூசோ ஆறு வாரம் இங்கே தங்கினார். ஐரோப்பா முழுவதும் இத்தீவின் பெயர் தெரிந்தது அதன் பிறகுதான்.

அமைவிடம்

பீல் ஏரி ஜூரா மலைத்தொடரின் அடிவாரத்தில், தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அகலம் மிகுந்த இடத்திலும் 4 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். பரப்பு சுமார் 39 சதுர கிலோமீட்டர், மிகுந்த ஆழம் 74 மீட்டர். நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 429 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தீவின் முகடு 474 மீட்டர். படகிலிருந்து பார்ப்பவருக்கு நீரின் மேல் 45 மீட்டர் எழுந்த, மரம் அடர்ந்த ஒரு முதுகு தெரியும்.

பனியூழிக் காலத்தில் ரோன் பனியாறு இப்பகுதி முழுவதையும் உழுது சென்றது. இளகிய பாறையை அது வாரிக்கொண்டு போன இடங்கள் ஏரிகளாயின. இளகாமல் நின்ற ஒரு வரப்புதான் இத்தீவு. எர்லாக் ஊருக்குப் பின்னால் எழும் ஜோலிமோன் குன்றின் தொடர்ச்சி அது. இந்த வரப்பின் தாழ்ந்த பகுதி நெடுங்காலம் நீருக்கடியில் மறைந்திருந்தது. அது வெளிப்பட்ட கதை பின்னர் வரும்.

ஏரியின் வடகரையில் லிகெர்ஸ், துவான் முதலிய ஊர்கள் ஜெர்மன் மொழிக்குரியவை. சற்று மேற்கே லா நெவ்வில் பிரெஞ்சு மொழிக்குரியது. இரு மொழிகளின் எல்லையில் கிடப்பதால்தான் தீவுக்கு இரண்டு பெயரும் சம உரிமையோடு வழங்குகின்றன. நிர்வாகத்தில் தீவின் பெரும்பகுதி துவான் - டூஷெர்ஸ் ஊராட்சியையும், மேற்கே நீளும் குறுகிய பகுதி எர்லாக்கையும் சேர்ந்தது.

பழங்காலமும் மடமும்

பழைய மடத்துக் கட்டடத்தைப் புதுப்பித்தபோது, 1984 முதல் 1986 வரை, தொல்லியலார் அதன் அடித்தளத்தைத் தோண்டினர். வெண்கலக் கால மக்களின் தடயங்கள், உரோமர் காலக் கோயிலின் எச்சம், முன் இடைக்காலக் கல்லறைகள் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன. கும்பிட்ட இடத்திலேயே அடுத்து வந்தவரும் கும்பிடுவது எந்த நாட்டிலும் உள்ளதே. பீல் ஏரியின் கரையோரச் சேற்றில் மரத்தூண்கள் நட்டு வீடு கட்டி வாழ்ந்த புதிய கற்கால, வெண்கலக் கால ஊர்களும் பல உண்டு. ஆல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள இத்தகைய ஊர்களை யுனெஸ்கோ 2011இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது இவ்வேரியின் சில இடங்களும் அவற்றுள் இடம்பெற்றன. தீவுக்கு முதலில் தோணி விட்டவர்கள் அந்த மக்களாக இருக்கலாம்.

1127ஆம் ஆண்டை ஒட்டி க்ளூனி மடத்துத் துறவிகள் இங்கே ஒரு கிளை மடம் அமைத்தனர். பர்கண்டியில் இருந்த க்ளூனி, அக்காலத்தில் மேற்கு ஐரோப்பா எங்கும் கிளை பரப்பியிருந்த தலைமை மடம். தீவு மடம் அதன் மிகச் சிறிய கிளைகளுள் ஒன்று. சுற்றிலும் நீர், நடுவே காடு, சரிவில் திராட்சை. வழிபாட்டு நேரம் போக மிகுந்த பொழுதைக் கழிக்க ஒரு சிறு துறவிக் கூட்டத்துக்கு இதைவிட ஏற்ற இடம் அமைவது அரிது. 1484இல் மடம் கலைக்கப்பட்டு, அதன் சொத்து பெர்ன் நகரின் புனித வின்சென்ட் ஆலயக் குழுவுக்குப் போனது. 1528இல் பெர்ன் நகரம் சீர்திருத்தச் சபைக்கு மாறியதும் மடத்துச் சொத்துகள் யாவும் அரசின் கைக்கு வந்தன. 1530 முதல் தீவு பெர்ன் நகர மருத்துவச் சாலைக்குரிய அறச்சொத்தாயிற்று.

மருத்துவச் சாலை என்ற சொல்லை இன்றைய பொருளில் கொள்ளலாகாது. ஏழைகள், முதியோர், நோயாளிகள், வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறும் படுக்கையும் தந்த சத்திரம் அது. நம் ஊரில் சத்திரத்துக்கும் மடத்துக்கும் நன்செய் எழுதிவைத்ததுபோல், அந்தச் சாலைக்கு ஒரு தீவு எழுதிவைக்கப்பட்டிருந்தது. தீவின் திராட்சை மதுவும் பழமும் விறகும் அதன் வருவாய். வருவாயைத் திரட்ட ஒரு மணியக்காரர் குடும்பத்தோடு பழைய மடத்துக் கட்டடத்தில் குடியிருந்தார். பெர்ன் நகரில் இன்று புகழ்பெற்ற இன்செல்ஷ்பிட்டால், அதாவது 'தீவு மருத்துவமனை', இத்தீவின் பெயரைக் கொண்டதன்று. ஆரே ஆற்றுத் தீவொன்றில் முன்பு இருந்த கன்னியர் மடத்தின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. இரண்டையும் குழப்பி எழுதுவோர் உண்டு. பேதுரு தீவு பெர்ன் நகரின் பூர்கர்ஷ்பிட்டால் என்னும் அறநிலையத்தின் உடைமையாகவே இன்றளவும் இருந்துவருகிறது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு ஒரே அறத்தின் கையில் ஒரு நிலம் நிற்பது சிறு செய்தியன்று. இக்கரையிலும் அக்கரையிலும் மாளிகைகள் எழுந்தும் தீவில் ஒரே ஒரு பெரிய வீடு மட்டும் நின்றதற்கு அதுவே காரணம்.

ரூசோவின் ஆறு வாரங்கள்

1762இல் ரூசோவின் 'எமீல்', 'சமுதாய ஒப்பந்தம்' ஆகிய இரு நூல்களும் வெளிவந்தன. பாரிசில் அவரைக் கைது செய்ய ஆணை பிறந்தது. பிறந்த ஊரான ஜெனீவா அவர் நூல்களை எரித்தது. பெர்ன் அரசு தன் எல்லைக்குள் இருந்த இவெர்தோன் ஊரிலிருந்து அவரை வெளியேற்றியது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் ஆட்சிக்கு உட்பட்ட நூஷாதேல் பகுதியில், மோத்தியே என்னும் மலையூரில் அவர் மூன்று ஆண்டு ஒதுங்கி வாழ்ந்தார். அங்கும் ஊர்ப் போதகர் அவருக்கு எதிராக மக்களைத் திருப்பினார். 1765 செப்டம்பர் 6ஆம் நாள் இரவு அவருடைய வீட்டின்மேல் கல்லெறிந்தனர். அதே ஆண்டுக் கோடையில் ஒருமுறை வந்து கண்டு மகிழ்ந்திருந்த இத்தீவு அவர் நினைவுக்கு வந்தது. பெர்ன் ஆட்சியின் நிலம் என்று தெரிந்தும், இந்த மூலையில் யாரும் தம்மைத் தேடமாட்டார்கள் என நம்பி வந்துசேர்ந்தார். அவருடைய வாழ்க்கைத் துணைவி தெரேஸ் லெவாசரும் பின்னாலேயே வந்தார்.

தீவில் அவர் வாழ்ந்த விதத்தை அவரே இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறார். ஒன்று 'ஒப்புதல்கள்' நூலின் பன்னிரண்டாம் பகுதி. மற்றது அவர் இறந்தபின் 1782இல் வெளியான 'தனித்து நடப்பவனின் கனவுகள்' நூலின் ஐந்தாம் நடை. ஒரு சிறு தீவின் அன்றாட வாழ்வை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் பழைய பதிவு வேறெங்கும் எளிதில் அகப்படாது.

அவர் கண்ட தீவில் ஒரே வீடு இருந்தது. மணியக்காரர், அவர் மனைவி, வேலையாட்கள் அதில் வசித்தனர். கோழிப் பட்டி, பறவைக் கூடு, மீன் குட்டைகள் சுற்றிலும் இருந்தன. வயல், திராட்சைத் தோட்டம், பழத்தோப்பு, மேய்ச்சல் தரை, காடு என எல்லா வகை நிலமும் அந்தச் சிறு தீவுக்குள் அடங்கியிருந்தன. முகட்டில் இரு வரிசை மரங்களுக்கு இடையே நீண்ட நடைபாதை, அதன் நடுவே ஒரு கூடம். திராட்சை அறுவடைக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கரை மக்கள் படகேறி வந்து அந்தக் கூடத்தில் கூடி ஆடுவர்.

ரூசோ தம் புத்தகப் பெட்டிகளை அவிழ்க்கவே இல்லை. கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டி வந்தால் மணியக்காரரிடம் எழுதுபொருள் பெட்டியை இரவல் வாங்கி, எழுதி முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார். காகிதம் கிடக்க வேண்டிய அறையில் பூவும் புல்லும் கிடந்தன. அப்போதுதான் அவருக்குச் செடிகளின்மேல் பித்துப் பிடித்திருந்தது. தீவைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு புல்லையும் விடாமல் எல்லாச் செடியையும் விவரித்து நூலெழுதத் திட்டமிட்டு, அதற்கு இலத்தீனில் 'பேதுரு தீவின் செடிகள்' என்று பெயரும் வைத்தார். காலையில் ஒரு கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, அக்குளில் தாவரவியல் அறிஞர் லின்னேயசின் 'இயற்கை ஒழுங்குமுறை' நூல், இவற்றோடு கிளம்பிவிடுவார். மேலெல்லாம் அரிக்கும் காஞ்சொறி போன்ற செடியின் மகரந்தத் தாள் வில்போல் நிமிர்ந்து பொடி தூவுவதையும், காசித்தும்பை இனத்துக் காய் விரல் பட்டதும் வெடித்துச் சுருள்வதையும் முதன்முறையாகக் கண்டு குழந்தைபோல் குதித்தார். காசித்தும்பைக் காயை உள்ளங்கையில் வைத்து வெடிக்கவிட்ட எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் அந்த மகிழ்ச்சி விளங்கும். அப்போது அவருக்கு வயது 53.

முற்பகலில் மணியக்காரரோடும் பெண்களோடும் சேர்ந்து அறுவடை பார்க்கப் போவார். வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார், கூடவே வேலையும் செய்வார். பெர்ன் நகரிலிருந்து அவரைக் காண வந்த பெரிய மனிதர்கள், இடுப்பில் சாக்கு கட்டிக்கொண்டு மரக்கிளையில் உட்கார்ந்து பழம் பறிக்கும் ரூசோவைக் கண்டனர். சாக்கு நிறைந்ததும் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார். விருந்தினர் தொல்லை மிகும்போது தப்பிப் போக, அவர் தங்கிய அறையின் தரையில் ஒரு கீழறைக் கதவு இருந்தது. அந்தக் கதவை இன்றும் காணலாம். உணவுக்குப்பின் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு ஏரி நடுவே போவார். துடுப்பை விட்டுவிட்டு, வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்து, நீர் இழுத்த பக்கம் மணிக்கணக்கில் மிதப்பார். சில நாள் இருட்டு நெருங்கியபின்தான் கரை எவ்வளவு தள்ளிப் போய்விட்டது என்று தெரிந்து, முழு மூச்சாய்த் துடுப்புப் போட வேண்டியிருக்கும். மாலையில் கரையோரம் அமர்ந்து அலையின் ஓசையைக் கேட்டிருப்பார். தாம் வாழ்ந்த இடங்களிலெல்லாம் தம்மை உண்மையாக மகிழ்வித்த இடம் இதுவே என்பது அவர் கூற்று. எதையும் மிகைப்படுத்தும் பழக்கம் அவருக்கு உண்டு என்பாரும் உளர். ஆயினும் இவ்விடத்தில் அவர் சொல்லை ஐயுறக் காரணமில்லை.

பெரிய தீவின் அருகே, அக்காலத்தில் ஆளற்ற ஒரு சிறு திட்டும் இருந்தது. அலையும் புயலும் பெரிய தீவின் கரையை அரிக்கும்போதெல்லாம், அரிப்பை அடைக்கச் சிறு திட்டிலிருந்துதான் மண் வெட்டிவந்தனர். எளியவனின் பொருள் வலியவனுக்குப் போவதை ரூசோ அதில் கண்டு வருந்தினார். அந்தத் திட்டில் முயல் விட்டால் பகையின்றிப் பெருகும் என்று மணியக்காரருக்கு யோசனை சொன்னவரும் அவரே. நூஷாதேலிலிருந்து ஆணும் பெண்ணுமாக முயல்கள் வந்தன. மணியக்காரரின் மனைவி, சகோதரி ஒருவர், தெரேஸ், ரூசோ எல்லாரும் ஒரு திருவிழாப் போலப் படகேறிப் போய் முயல்களைக் குடியேற்றினர். தண்ணீர் என்றாலே நடுங்கும் மணியக்காரர் மனைவி, ரூசோ துடுப்புப் போடுகிறார் என்ற நம்பிக்கையில் முகம் சுளிக்காமல் ஏறி வந்தாராம். அத்திட்டுக்கு முயல் தீவு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அக்டோபரில் பெர்ன் அரசின் ஆணை வந்தது. குளிர் தொடங்கும் வேளையில், நோயாளியான ஒரு மனிதரைப் போ என்று சொன்ன ஈவிரக்கமற்ற ஆணை. தம்மை ஆயுள் முழுதும் எங்கேனும் சிறை வைத்தாலும் போதும், சில புத்தகம் மட்டும் கையில் இருக்கட்டும் என்று பெர்ன் அரசின் நிடாவ் ஊர் அதிகாரிக்கு ரூசோ கடிதம் எழுதினார். பதிலாக வந்தது, உடனே வெளியேறு என்பதுதான். அக்டோபர் 25ஆம் நாள் புறப்பட்டு பீல் நகரம், பாசல், ஸ்ட்ராஸ்பர்க் வழியே சென்று, அடுத்த ஜனவரியில் மெய்யியலறிஞர் டேவிட் ஹியூமோடு இங்கிலாந்து சேர்ந்தார். இரண்டு மாதம் தீவில் இருந்ததாக அவர் எழுதியது நினைவுப் பிழை. ஆறு வாரமே சரி. செடி நூல் எழுதப்படவே இல்லை.

ரூசோவுக்குப் பின்

அவர் நூல்கள் பரவப் பரவ, அவர் அறையைப் பார்க்க மக்கள் வரத் தொடங்கினர். 1779 அக்டோபரில் ஜெர்மன் கவிஞர் கேதே வந்தார். 1810இல் நெப்போலியனைப் பிரிந்த பேரரசி ஜோசபின் வந்தார். மணியக்காரர் வீடு மெல்ல மெல்ல விடுதியாயிற்று. ஜெர்மன் எழுத்தாளர் டபிள்யூ. ஜி. செபால்ட் அங்கே தங்கிய நாள்களை 1998இல் வெளிவந்த தம் கட்டுரை நூலில் எழுதியுள்ளார்.

ரூசோ தீவு என்ற பெயரில் வேறு தீவுகளும் உண்டு. அவற்றோடு இதைக் குழப்புதல் கூடாது. பாரிசுக்கு வடக்கே எர்மெனோன்வில் பூங்காவின் ஏரியில் நெட்டிலிங்கம் போல் ஒடுங்கி உயரும் பாப்லர் மரங்கள் சூழ்ந்த திட்டில் 1778இல் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1794இல் அதைப் பாரிசின் பாந்தியோனுக்கு மாற்றினர். அந்த அடக்கத் தீவின் சாயலில் ஜெர்மனியில் வோர்லிட்ஸ் பூங்காவிலும் பெர்லினின் டியர்கார்டன் பூங்காவிலும் தீவுகள் அமைத்தனர். ஜெனீவாவில், ரோன் ஆறு ஏரியை விட்டு இறங்கும் வாயிலில் உள்ள தீவுக்கு அவர் பெயரிட்டு, 1835இல் சிற்பி பிராதியே செய்த சிலையை நிறுவினர். அவர் நூல்களை எரித்த ஊர் அது. இவை அவருடைய அடக்கத்துக்கோ நினைவுக்கோ உரியவை. அவர் உண்மையில் துடுப்புப் போட்டு, பழம் பறித்து வாழ்ந்த தீவு பேதுரு தீவு ஒன்றே.

ஏரி இறங்கியது

ஆரே ஆறு முன்பு பீல் ஏரிக்குள் வருவதில்லை. ஆர்பெர்க் ஊரைத் தாண்டியதும் சமவெளியில் சுற்றிச் சுற்றிப் போய், வெள்ளக் காலத்தில் சேலாந்து எனப்படும் அந்த ஏரிநாட்டையே மூழ்கடிக்கும். வயல் சதுப்பாகும், மக்களைக் காய்ச்சல் வாட்டும். மெய்ன்ரீட் என்ற வெள்ளம் சூழும் சிற்றூரில் பிறந்த மருத்துவர் யோஹான் ருடால்ஃப் ஷ்னைடர், ஆற்றைத் திருத்தினாலொழிய நோய் தீராது என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். பொறியாளர் ரிக்கார்ட் லா நிக்கா 1842இல் திட்டம் வரைந்தார். ஆரே ஆற்றைக் கால்வாய் வெட்டி ஏரிக்குள் திருப்புவது, ஏரியை வெள்ளம் தாங்கும் தொட்டியாக்குவது, அகலமான வேறொரு கால்வாய் வழியே நீரை அளந்து வெளியேற்றுவது என்பதே அதன் சாரம். நம் முன்னோர் ஆற்று வெள்ளத்தை ஏரிக்குத் திருப்பிய முறைக்கு இது அந்நியமன்று. அவர்கள் நீரைத் தேக்கச் செய்தார்கள், இவர்கள் வடிக்கச் செய்தார்கள்.

முதல் ஜூரா நீர்த்திருத்தம் எனப்படும் இப்பணி 1868இல் தொடங்கி 1891இல் முடிந்தது. 1878இல் ஹாக்னெக் கால்வாய் வழியே ஆரே முதன்முதலில் பீல் ஏரிக்குள் பாய்ந்தது. நிடாவிலிருந்து பூரன் வரை வெட்டிய கால்வாய் நீரை வெளியே கொண்டுபோனது. பீல், நூஷாதேல், முர்டன் ஆகிய மூன்று ஏரிகளும் கால்வாய்களால் இணைந்து, அவற்றின் மட்டம் இரண்டு மீட்டருக்கும் மேல் இறங்கியது. சதுப்பு நிலம் காய்கறி விளையும் நிலமாயிற்று. 1962 முதல் 1973 வரை இரண்டாம் திருத்தமும் நடந்தது. போர்ட் என்னும் ஊரில் உள்ள மதகணை இப்போது மூன்று ஏரிகளின் மட்டத்தையும் ஆள்கிறது.

ஏரி இறங்கியதும் தீவுக்கும் எர்லாக் கரைக்கும் இடையே நீரில் மறைந்திருந்த வரப்பு வெளியே வந்தது. அதன் பெயர் ஹைடன்வெக், அதாவது புறச்சமயத்தார் பாதை. முயல் தீவும் அந்த வரப்போடு ஒட்டிக்கொண்டது. நாணலும் கோரையும் மண்டிய ஈர நிலத்தின் நடுவே காலாற நடந்து தீவுக்குப் போகலாம் என்றாயிற்று.

அதனால் இது தீபகற்பம் என்று நிலநூலார் சிலர் எழுதுகின்றனர். ஆனால் ஏரி மட்டம் ஆள் கையில் உள்ள ஒன்று. வரப்பு வெளியே வந்தது மனிதர் செய்த வேலையின் விளைவு. படகுத்துறையும் பெயரும் வழக்கும் தீவுக்குரியவையாகவே இருக்கின்றன. ஆகவே இதைத் தீவு என்றே கொள்வது முறை.

இன்றைய நிலை

தீவும் ஹைடன்வெக்கும் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. நாணல் காட்டில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன, காட்டில் மான்கள் உண்டு. திராட்சைத் தோட்டமும் மேய்ச்சலும் தொடர்கின்றன. பழைய மடம் உணவு விடுதியாக இயங்குகிறது, ரூசோவின் அறை பார்வைக்கு உள்ளது. பீல், லிகெர்ஸ், லா நெவ்வில், எர்லாக் துறைகளிலிருந்து படகு வரும். ஜூரா மலையிலிருந்து ஜோரான் என்னும் காற்று திடீரென இறங்கும் நாளில் ஏரியில் சிறு படகு விடுவது ஆபத்து. எர்லாக்கிலிருந்து நடந்து வருவோர், தெரேசும் மணியக்காரர் மனைவியும் படகேறிப் போய் முயல் விட்ட அந்தத் திட்டின் மேலாகத்தான் தீவுக்குள் நுழைய வேண்டும்.